ஐவர்மலை கற்பிக்கும் பாடம்: தொன்மை காக்கும் பணியில் இளையோர்



ஜினாலயம் ஒன்றை எழுப்புதல் ஒரு தலைமுறையின் பணி. அதனைக் காத்தல் பின்வரும் தலைமுறைகள் அனைத்தின் பணி. நம் முன்னோர் முதற்பணியைக் குறைவறச் செய்து சென்றனர். இரண்டாவது பணியை நாம் எவ்வாறு செய்கிறோம் என்பதே கேள்வி. நாம் வாழும் ஊர்களில் உள்ள ஆலயங்களுக்குக் குறையேதும் இல்லை. பூசை நடக்கிறது, திருவிழா நடக்கிறது, கும்பாபிஷேகமும் நடக்கிறது. ஆனால் தமிழகத்துச் சமணத் தொன்மைகளுட் பெரும்பகுதி, நம்மவர் வாழாத ஊர்களில், ஆளரவமற்ற குன்றுகளில் இருக்கிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் நாம் செறிந்து வாழ்கிறோம். திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டங்களின் குன்றுகளிலோ தீர்த்தங்கரர் திருமேனிகள் வெயிலையும் மழையையும் பார்த்தபடி அமர்ந்துள்ளன. நாம் இருக்கும் இடத்தில் அம்மலைகள் இல்லை. அம்மலைகள் இருக்கும் இடத்தில் நாம் இல்லை. இந்த இடைவெளியை இட்டு நிரப்ப வல்லவர் யார்? அதற்கான விடையைத் திண்டுக்கல் மாவட்டத்து ஐவர்மலையிடமே கேட்டுப் பெறுவது இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கல்வெட்டு கூறும் செய்தி

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் சென்று, அங்கிருந்து கொழுமம் செல்லும் வழியில் பாப்பம்பட்டியை அடுத்து நிற்பது ஐவர்மலை. அதன் பழம்பெயர் அயிரை. கல்வெட்டு 'திருவயிரை' எனப் போற்றுகிறது. மலையின் இயற்கைக் குகைத்தளத்திற்கு மேலே, பாறையின் நெற்றியில், பதினாறு தீர்த்தங்கரர் திருமேனிகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, பாண்டிய மன்னன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 792இல் பொறிக்கப்பட்டது. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் அது 870 ஆகும். குணவீரக் குரவடிகளின் மாணாக்கராகிய காளத்துச் சாந்திவீரக் குரவர், திருவயிரையில் இருந்த பார்சுவ படாரர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கினார் என்றும், அவற்றிற்குத் தடையின்றிப் படையல் நடக்கவும் அடிகள் ஒருவருக்கு உணவு அளிக்கவும் ஐந்நூற்று ஐந்து காணம் பொன் ஏற்படுத்தினார் என்றும் அது தெரிவிக்கிறது.

இச்செய்தியில் மூன்று கூறுகளை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்ட வேண்டும்.

முதலாவது, 'புதுக்கி' என்னும் சொல். 870ஆம் ஆண்டிலேயே அத்திருமேனிகள் புதுக்கத்தக்க அளவிற்குப் பழமையடைந்திருந்தன. சாந்திவீரர் தம் பெயர் விளங்கப் புதிய மலையொன்றைத் தேடிச் செல்லவில்லை, இருந்ததைக் காத்தார்.

இரண்டாவது, 'மாணாக்கர்' என்னும் சொல். காத்தவர் தம்மை இன்னாரின் மாணாக்கர் என்றே அறிமுகம் செய்துகொள்கிறார். ஆசிரியர் கற்பித்ததை மாணவர் செயலாக்கிய வரலாறு இது.

மூன்றாவது, பொன் வைத்த முறை. திருமேனியைப் புதுக்கியதோடு பணி முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. நாள்தோறும் கவனிப்பு நடைபெறவும், அடிகள் ஒருவர் அங்கு உணவுக் கவலையின்றி இருக்கவும் வழி செய்தார். ஆள் இருக்கும் இடமே காக்கப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். அக்கல்வெட்டின் சாரம் இதுவே.

2. ஒரு வரியின் மதிப்பு

கல்வெட்டுக் காப்பு என்பது பக்தர்களுக்கு மட்டும் உரிய கவலை என்று சிலர் எண்ணுவர். ஐவர்மலைக் கல்வெட்டு அவ்வெண்ணத்தை மாற்றும்.

பழைய கல்வெட்டுகள் பலவற்றில் மன்னனின் ஆட்சியாண்டு மட்டுமே இருக்கும். 'இன்ன மன்னனுக்கு யாண்டு எட்டு' என்பதோடு நின்றுவிடும். அம்மன்னன் எப்போது அரியணை ஏறினான் என்பது தெரியாதபோது, அந்த எட்டு எந்த எட்டு என்று கூற இயலாது. ஐவர்மலைக் கல்வெட்டிலோ ஆட்சியாண்டும் சக ஆண்டும் சேர்ந்து வருகின்றன. 792உடன் 78ஐக் கூட்டினால் 870. அதிலிருந்து எட்டு ஆண்டுகளைக் கழித்தால் 862. வரகுணன் ஆட்சிக்கு வந்த ஆண்டு இவ்வாறு தெளிவாயிற்று. அதனைத் தூணாகக் கொண்டே அவனுக்கு முன்னும் பின்னும் ஆண்ட பாண்டியர் சிலரின் காலத்தை வரலாற்றறிஞர் வரையறுத்தனர். ஐந்தாம் வகுப்புக் குழந்தை போடக்கூடிய கணக்கு இது. ஆனால் அந்த எண்ணின்மேல் யாரேனும் தம் பெயரைக் கீறியிருந்தாலோ, சாயம் பூசியிருந்தாலோ, இக்கணக்கைப் போட வழியே இருந்திராது. 1905ஆம் ஆண்டில் அரசின் கல்வெட்டுத் துறையினர் மலையேறிப் படியெடுத்தபோது எழுத்துகள் படிக்கத்தக்க நிலையில் இருந்தன. வேண்டுமென்றே எவரும் சிதைக்காமல் விட்டுவைத்த அவ்வூர்ப் பெருமக்கள் அனைவருக்கும் தமிழ் வரலாறு கடன்பட்டுள்ளது.

அதே பழனி வட்டத்தில் மற்றொரு சான்றும் உண்டு. பொருந்தல் என்னும் ஊரில் 2009, 2010ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராஜன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. ஈமக்குழி ஒன்றில், நான்கு கால்களை உடைய சாடிக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அந்நெல்லை அறிவியல் முறையில் ஆய்ந்தபோது கி.மு. 490 என்ற காலம் பெறப்பட்டது. எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எப்பொருளின் அருகில் இருந்தது என்ற குறிப்பும் உடன் இருந்ததனாலேயே அந்நெல்லும் அதனோடு கிடைத்த எழுத்துப் பொறிப்பும் சான்றாயின. அதே சாடியை எவரேனும் முன்னரே தோண்டி எடுத்து வீட்டு அலமாரியில் வைத்திருந்தால், அது பழைய பானையாக மட்டுமே இருந்திருக்கும். பொருளுக்கு உள்ள மதிப்பில் பாதி, அது கிடந்த இடத்திற்கு உரியது. இதனை இளையோர் மனத்தில் ஆழப் பதித்தல் வேண்டும்.

3. காவலர் யாவர்?

மலையைக் காக்க வல்லவர், நாள்தோறும் அம்மலையைக் காண்பவரே. ஆடு மேய்க்கும் சிறுவனும், அடிவாரத்துப் பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுமியும் ஒரு பாறையில் புதிய கீறல் விழுந்தால் மறுநாளே அறிவர். நாம் ஆண்டுக்கொரு முறை பேருந்தில் வந்து வணங்கிச் செல்பவர். ஆகவே நம் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் பயிற்றினால் போதாது. மலையடி ஊர்களின் பிள்ளைகளோடு அவர்களைச் சேர்த்து அமர்த்திப் பயிற்றுதல் வேண்டும்.

அண்மை நிகழ்வு ஒன்று இதனை மெய்ப்பிக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, தமிழிக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ள ஊர். 2022ஆம் ஆண்டில் அது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு நவம்பரில், அவ்வூரும் சுற்றுப்புறமும் அடங்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைக்கும் உரிமை ஏலம் விடப்பட்டதாகச் செய்தி வந்தது. ஊர்மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். மாநிலச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் நடுவணரசு அந்த ஏலத்தை நீக்கியது. அம்மலையைக் காக்க எழுந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர். தங்கள் சுனைக்காகவும் வயலுக்காகவும் கோயிலுக்காகவும் அவர்கள் நின்றபோது, நம் பகவானின் திருமேனியும் காக்கப்பட்டது.

ஐவர்மலையைச் சூழ்ந்து வாழ்வோர், பஞ்சபாண்டவர் ஐவரும் அங்குத் தங்கியதாகக் கூறுவர். மலையின் இன்றைய பெயருக்கும் அதனையே காரணமாகக் காட்டுவர். இக்கதையை மறுத்துப் பேசுவதையே நம்மவர் சிலர் முதற்பணியாகக் கொள்கின்றனர். அது தேவையன்று. பாண்டவர் நமக்கும் அயலார் அல்லர்; அவர்கள் துறவு பூண்டு சத்ருஞ்சய மலையில் தவம் இயற்றியதை நம் புராணங்களும் கூறும். அநேகாந்தம் கற்ற நாம், ஊரார் கூறும் கதையை ஒரு பக்கத்திலும் கல்வெட்டுக் கூறும் செய்தியை மறுபக்கத்திலும் எழுதிவைக்கப் பிள்ளைகளைப் பழக்கலாம். கதையும் காக்கத்தக்க மரபே. தம் பாட்டியின் கதையை மதித்து எழுதிக்கொள்பவரிடம், அச்சிறுவர் தம் மலையைத் தாமே முன்வந்து காட்டுவர்.

4. முன்னோடிகள்

இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேனிலைப் பள்ளியில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொன்மைப் பாதுகாப்பு மன்றம், பள்ளி மாணவர்க்குப் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்பித்தது. கல்வெட்டு என்பது பல்கலைக்கழகத்திற்கே உரியது என்ற எண்ணத்தைச் சிற்றூர்ப் பள்ளி மாணவர் மாற்றிக் காட்டினர். மதுரையில் அதே 2010ஆம் ஆண்டு தொடங்கிய பசுமை நடை இயக்கம், பொதுமக்களைக் குடும்பத்தோடு சமண மலைகளுக்கு அழைத்துச் சென்று, அறிஞரைக் கொண்டு விளக்கம் அளித்து வந்தது. நம்மவர் மேற்கொண்ட அகிம்சை நடையை இவ்விதழ் வாசகர் நன்கு அறிவர். வைகைக் கரையில் புலிமான்கோம்பை என்னும் ஊரில், தமிழகத்தின் மிகப் பழைய எழுத்துடை நடுகற்களை 2006ஆம் ஆண்டு கண்டறிந்தோர், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவரே என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

5. பயிற்றும் முறை

ஆசிரியப் பயிற்சி மாணவர்க்கு நாங்கள் முதலிற் கூறுவது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பதே. இப்பணிக்கும் அதுவே பொருந்தும். பிள்ளைகளை நேரே மலைக்கு அழைத்துச் சென்று, 'இவர் பார்சுவநாதர், இது வட்டெழுத்து, வணங்குங்கள்' என்றால், வணங்குவர்; திரும்புவர்; மறப்பர். பின்வரும் நான்கு படிகளில் அமைத்துக்கொள்ளலாம்.

முதற்படி, வீடும் ஊரும். பத்து முதல் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள், தம் வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை எடுத்து, அளந்து, வரைந்து, யார் பயன்படுத்தியது, எப்போது வாங்கியது என்று பெரியோரைக் கேட்டு எழுதட்டும். வெண்கல உருளியோ, மரக்காலோ, சுவடிப் பெட்டியோ எதுவும் ஆகலாம். பார்த்தல், அளத்தல், கேட்டல், எழுதுதல் என்னும் நான்கும் இதில் அடங்கும்.

இரண்டாம் படி, அருகிலுள்ள நினைவுச்சின்னம். திண்டுக்கல் நகரப் பிள்ளைகளுக்கு மலைக்கோட்டை இருக்கிறது. நாயக்கர், ஐதர் அலி, ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய அக்கோட்டையை இந்தியத் தொல்லியல் துறை பேணுகிறது. அங்கே பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, மதிலின் ஒரு பகுதியை வரையச் செய்க. எந்தக் கல் பழையது, எங்குப் பிற்காலத்துச் செங்கல் சேர்ந்தது என்று கண்டறியச் சொல்க. ஒரே சுவரில் பல காலங்கள் இருக்கக் கூடும் என்பதைக் கண்ணால் கண்டு உணர்வர்.

மூன்றாம் படி, எழுத்து. பதின்மூன்று வயதிற்கு மேற்பட்டோர் வட்டெழுத்தைச் சில வாரங்களில் அறிமுகம் செய்துகொள்ள இயலும். முழு அட்டவணையை நெட்டுருச் செய்ய வைத்தல் ஆகாது. தத்தம் பெயரை வட்டெழுத்தில் எழுதச் செய்க. பிறகு 'அச்சணந்தி' என்னும் பெயரை எழுதச் செய்க. ஏன் அப்பெயர்? அச்சணந்தி அடிகளின் பெயர் ஐவர்மலையிலும் உண்டு. தேனி மாவட்டத்து உத்தமபாளையத்திலும், மதுரைப் பகுதியில் ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர்புளியங்குளம் ஆகிய இடங்களிலும் உண்டு. வேலூர் மாவட்டத்து வள்ளிமலையிலும் உண்டு. கீழக்குயில்குடிச் சமணர்மலையில் அவர்தம் தாயார் குணமதியாரின் பெயரால் ஒரு திருமேனி செய்விக்கப்பட்டுள்ளது. ஒரு படத்தில் இவ்வூர்களைக் குறித்துக் கோட்டால் இணைத்தால், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அத்துறவியின் பெயர் பரவிய வழி பிள்ளைகளின் கண்முன் விரியும். ஆரணிச் சிறுவன் வள்ளிமலையையும், பழனிச் சிறுமி ஐவர்மலையையும் பார்த்துக் குறிப்பெழுதிக் கடிதம் வழி மாற்றிக்கொண்டால், நாம் தொடக்கத்தில் கண்ட இடைவெளி குறையத் தொடங்கும்.

நான்காம் படி, மலை. இங்கு ஒன்றை வற்புறுத்த வேண்டும். கல்வெட்டைப் படியெடுத்தல் பயிற்சி பெற்றோரின் பணி. கல்லைத் தூரிகையாலும் நீராலும் தூய்மை செய்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் பதியும்படி தூரிகையால் மெல்லத் தட்டி, பின் மைபூசிய பஞ்சுறையால் ஒற்றுவர். உரிய துறையின் இசைவின்றி இதனைச் செய்தல் கூடாது. இளையோர்க்கு உரிய பணி கண்காணிப்பும் குறிப்பும் ஆகும். ஆண்டுக்கு இருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே திருமேனியைக் கைப்பேசியால் படம் எடுத்து நாள் குறித்து வைத்தால், ஐந்தாண்டுகளில் தேய்மானமும் சிதைவும் தெரியவரும். எளிய செயல், ஆயினும் எந்த வல்லுநரும் தொலைவிலிருந்து செய்ய இயலாதது.

இப்பயிற்சியில் பெண்குழந்தைகளுக்குச் சமபங்கு வேண்டும். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் எனப்பெற்ற பெண்பாற் குரவர் பலர் குறிக்கப்பெறுகின்றனர். அவர்தம் மாணாக்கியரும் மாணாக்கரும் குறிக்கப்பெறுகின்றனர். மலையேறுதல் பெண்பிள்ளைகளுக்கு ஏற்றதன்று என்று கூறுவோர்க்கு அக்கல்வெட்டுகளே மறுமொழி.

6. அணுவிரதமும் ஆய்வொழுக்கமும்

தொல்லியலார் கூறும் ஒழுக்க விதிகள் சாவகர்க்குப் புதியவை அல்ல. அணுவிரதங்களுள் நான்கினை இங்குப் பொருத்திக் காண்போம்.

கொல்லாமை: மலையில் தேனீயும் பல்லியும் பறவையும் நமக்கு முன்னரே குடியிருப்பவை. மழைக்காலத்தில், சிற்றுயிர் பெருகும் நாள்களில், பயணத்தைத் தவிர்த்தல் நன்று. பொழுது சாய்வதற்கு முன் இறங்கிவிட வேண்டும்.

பொய்யாமை: படிக்க இயலாத எழுத்தை ஊகித்து நிரப்புதல் கூடாது. அவ்விடத்தில் புள்ளி வைத்து விடுக. நம் சமயப் பெருமைக்காக ஒரு நூற்றாண்டைக் கூட்டிச் சொல்லுவதும் பொய்யே.

கள்ளாமை: பானையோடு ஒன்றேயாயினும் எடுத்து வருதல் ஆகாது. மண்ணுள் புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம்.

பொருள் வரைதல்: 'எங்கள் மலை' என்னும் பற்றினைக் குறைத்துக்கொள்க. திருமேனி நமக்கு வழிபாட்டுக்குரியது. மலை ஊரார்க்கும் உரியது. எழுத்து உலகிற்கே உரியது.

7. இன்று 'புதுக்குதல்' எது?

சாந்திவீரக் குரவர் புதுக்கினார் என்பதால் நாமும் உளியெடுக்கலாமோ என்று கேட்கலாம். ஆகாது. அன்று அது நடைபெறும் வழிபாட்டுத் தலம். செய்வித்தவர் அத்தலத்திற்கு உரியவர். இன்று அதே திருமேனி வரலாற்றுச் சான்றும் ஆகும். பக்தி மேலீட்டால் எண்ணெய் தடவுதல், கற்பூரப் புகை படிய விடுதல், சந்தன வண்ணச் சாயம் அடித்தல், திருமுகத்தை மீண்டும் செதுக்குதல், குகைத்தளத்தில் பளிங்குக்கல் பதித்தல் ஆகியவை கீறிச் சிதைப்போரின் செயலுக்கு எவ்வகையிலும் குறைந்த தீங்கல்ல. வெளியார் கீறினால் வருந்தும் நாம், நம்மவர் சாயம் பூசினால் நன்கொடைப் பட்டியலில் பெயர் எழுதுகிறோம். இவ்வழக்கத்தை இளையோர் மாற்ற வேண்டும். முதியோர் வழிவிட வேண்டும்.

நடுவணரசின் பாதுகாப்புப் பெற்ற சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெற்றே கட்டலாம். சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் இதனைக் கூறுகின்றன. நல்லெண்ணத்தோடு செய்தோம் என்பது சிதைந்த எழுத்தை மீட்டுத் தராது.

இன்று நாம் செய்யத்தக்க புதுக்குதல், கல்லின்மீது அன்று, காப்போர் மீது. ஐந்நூற்று ஐந்து காணம் பொன்னின் ஒரு பகுதி, மலையில் இருக்கும் அடிகள் ஒருவரின் உணவுக்காக வைக்கப்பட்டது என்பதை மீண்டும் நினைவுகூர்க. நம் சங்கங்கள் திருப்பணிக்கென ஒதுக்கும் தொகையில் சிறு பங்கு, மலையடிப் பள்ளி ஒன்றில் தொன்மை மன்றம் நடத்தவும், அளவுநாடாவும் குறிப்பேடும் வாங்கவும், பிள்ளைகளுக்கு மதிய உணவும் பேருந்துக் கட்டணமும் கொடுக்கவும் செலவாகட்டும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் இறுதியானது பிரபாவனை, அறத்தை விளங்கச் செய்தல். பிற சமயத்துச் சிறுமி ஒருத்தி நம் பகவானின் திருமேனியருகே நின்று, 'இதனைத் தொடாதீர்கள்; இது 870ஆம் ஆண்டிலேயே புதுக்கப்பட்டது' என்று வழிப்போக்கரிடம் கூறுவாளாயின், அதனினும் சிறந்த பிரபாவனை யாது?

இல்லப் பயிற்சி

குடும்பத்தார் ஒருங்கிருந்து விடை காண்க.

1. சக ஆண்டு 792க்கு நிகரான கிறித்துவ ஆண்டு யாது? அதனைக் கொண்டு வரகுணன் அரியணை ஏறிய ஆண்டினைக் கணக்கிடுக.

2. அச்சணந்தி அடிகளின் பெயர் காணப்படும் ஊர்களைத் தமிழக வரைபடத்தில் குறிக்க. உங்கள் ஊருக்கு மிக அண்மையில் உள்ளது எது?

3. பொருந்தல் நெல், கிடைத்த இடத்தின் குறிப்பின்றி இருந்திருந்தால் எவற்றை நாம் அறிய இயலாது?

4. உங்கள் ஊர் ஜினாலயத்தில் சாயத்தாலோ சுண்ணாம்பாலோ மறைந்த கல்வெட்டு உண்டா? பெரியோரைக் கேட்டு எழுதுக. நீங்களே சுரண்டிப் பார்த்தல் ஆகாது.

5. உங்கள் ஊருக்கு அருகே, நம்மவர் வாழாத சிற்றூரில் உள்ள சமணத் தொன்மை யாது? அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர்க்கு ஒரு கடிதம் எழுதுக.

ஐந்தாம் வினாவின் விடையை அஞ்சற்பெட்டியில் சேர்த்த பின்னரே இப்பாடம் முடிந்ததாகக் கொள்க.